குதிரைப் பந்தயமும் கதைப்பாட்டும்

சிங்கைத் தமிழர் வரலாற்றை எழுதப் புகுவோர் கோயில் வரலாறுகளையும் குடியேற்ற ஆட்சியின் ஆவணங்களையுமே முதற்சான்றாகக் கொள்வர். தெருவிலே பாடப்பெற்ற கதைப்பாட்டைச் சான்றாகக் கொள்வோர் சிலரே. அப்பாட்டும் வரலாற்றுக்கு உதவும் என்பதை ஈண்டு ஒரு சிறு நூலைக்கொண்டு காட்டுவோம்.

ந. வ. ரங்கசாமி தாசன் இயற்றிய 'குதிரைப் பந்தய லாவணி' 1893இல் வெளிவந்தது. அதற்கு 6 ஆண்டுகள் முன்னர், 1887இல், சதாசிவ பண்டிதரின் 'சிங்கை நகர் அந்தாதி' அச்சேறியிருந்தது. அந்தாதி இறைவனைப் பாடுவது. லாவணியோ பந்தயம் காணச் செல்வார் வழியிற் கண்ட காட்சிகளைப் பாடுவது. ஒரே ஊரில், ஒரே தலைமுறையில், கற்றோர்க்குரிய யாப்பும் பொதுமக்கட்குரிய மெட்டும் அருகருகே வாழ்ந்தன என்பது இதனாற் புலனாகும்.

லாவணி மராட்டிய நாட்டு வடிவம். தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தில் தமிழகத்தில் வேரூன்றியது. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மறு கட்சியும் வாதிட்டுப் பாடுதல் அதன் மரபு. காமனைப் பாடிய அவ்வடிவம் கடல் கடந்தபின் குதிரையைப் பாடலாயிற்று. வடிவம் பழையது, பொருள் புதியது.

அந்நாளிற் பந்தயத் திடல் சிராங்கூன் சாலைக்கு அண்மையில், ஃபேரர் பார்க்கில் இருந்தது. 1843இல் அங்குத் தொடங்கிய பந்தயம் 1933இல் புக்கிட் தீமாவுக்கும், பின்னர் 1999இல் கிராஞ்சிக்கும் பெயர்ந்தது. 2024 அக்டோபர் 5ஆம் நாள் இறுதிப் பந்தயத்தோடு அது சிங்கப்பூரில் முடிவுற்றது. குட்டி இந்தியாவில் ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர்மட்டும் எஞ்சி நிற்கிறது.

புலவர் கூற்றை அப்படியே நம்பலாமோ என்று கேட்பின், முழுவதும் நம்பலாகாது என்போம். மாதர் அழகும் கூட்டத்தின் பெருக்கமும் மரபுப்படி மிகைத்துக் கூறப்படுவன. ஆனால் தெருவின் பெயரையும் செல்லும் வழியையும் பொய்யாகப் பாடுதல் எளிதன்று. கேட்போர் நாள்தோறும் அவ்வழியே நடப்பவர். பிழை கண்டால் நகைப்பர். ஆதலின், புகழுரையை விலக்கி, போகிறபோக்கிற் சொன்ன செய்தியைக் கொள்ளுதலே முறை.

இங்கிலாந்திலும் தெருக்களில் ஒற்றைத் தாள்களாகக் கதைப்பாட்டுகள் விற்கப்பட்டன. 17ஆம் நூற்றாண்டில் சாமுவேல் பெப்பிஸ் என்பார் அத்தகைய 1,800க்கு மேற்பட்ட தாள்களைத் திரட்டினார். அவை இன்றும் கேம்பிரிட்ஜில் உள்ளன. நம்மிடையே அத்தகையார் அரியர். நூல்களைப் பதிவு செய்து படிகளை அரசிடம் அளிக்கவேண்டும் என்று 1886இல் நீரிணைக் குடியேற்றங்களிற் சட்டம் வந்தது. அதன் பயனாகப் பழைய சிங்கைத் தமிழ் நூல்கள் பல லண்டன் நூலகத்திற் பிழைத்தன. தமிழர் பாட்டைக் காத்தது தமிழர் ஆர்வமன்று, அயலார் சட்டம் என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

இக்காலத்தில் மேனாட்டு இளைஞர் கிட்டார் மீட்டிக் கதைசொல்லும் பாட்டுகளைத் தொகுத்து இசைத்தட்டாக்கினால், அதனை ஒரு காலத்தின் குரல் என்று போற்றிக் காக்கின்றனர். நம் ஊர்ப் பாடகர் குரலும் அத்தகையதே. மாணாக்கர் ஒவ்வொருவரும் வீட்டு முதியோரிடம் ஒரு கதைப்பாட்டைக் கேட்டு, பாடியவர் பெயரும் ஊரும் நாளும் குறித்துவர ஆசிரியர் பணிப்பாராயின், அச்சேறாப் பாட்டுகளுள் சிலவேனும் எஞ்சும். அவற்றைக் காக்க எச்சட்டமும் வராது.