சமையலறைக்கு ஒரு டியூப்லைட்: இன்வெர்ட்டரின் வீட்டு வரலாறு

தமிழ் நாளிதழ்களில் அநேகமாக தினமும் ஒரு பெட்டிச் செய்தி வருகிறது. பராமரிப்புப் பணி காரணமாக நாளை காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை கீழ்க்கண்ட பகுதிகளில் மின்விநியோகம் நிறுத்தப்படும் என்று தொடங்கி, தெருப்பெயர்களின் நீண்ட பட்டியலாக அது முடியும். கே.கே. நகரின் முறை வருகிற நாளில் முனுசாமி சாலை, அழகிரிசாமி சாலை, பி.டி. ராஜன் சாலை என்று எங்கள் பகுதியின் வரைபடமே அந்தப் பெட்டிக்குள் வந்துவிடும். இத்தனை ஆண்டுகளாக அதை வாசிக்கிற நாம், நேரம் ஏன் 9 முதல் 2 வரை என்று கேட்டுக்கொண்டதில்லை. மின்வாரிய ஊழியர்கள் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும். அது நியாயமான காரணம்தான். அதற்கு அடியில் சொல்லப்படாத ஓர் எண்ணமும் இருக்கிறது. அலுவலகம் போகிறவர்களும் பள்ளிக்கூடம் போகிறவர்களும் கிளம்பிவிட்ட பிறகு வீடு காலி. காலி வீட்டில் கரண்ட் இல்லாவிட்டால் யாருக்கு நஷ்டம்?

மாவு அரைப்பதும் துணி துவைப்பதும் மோட்டார் போட்டுத் தொட்டி நிரப்புவதும் அந்தக் காலி வீட்டில்தான் நடக்கின்றன. மின்வெட்டின் வரலாறு இதுவரை மெகாவாட்டில் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பெண்களின் மணிக்கணக்கில் எழுதிப் பார்த்தால் வேறு சில உண்மைகள் தெரியவரும். அதற்கான நல்ல ஆவணம் ஒன்று நடுத்தர வர்க்க வீடுகளின் மாடிப்படிக்கு அடியிலும் பால்கனி மூலையிலும் உட்கார்ந்திருக்கிறது: இன்வெர்ட்டர்.

விளக்குக்கு முன்னால் ஒரு கை

கே.கே. நகர் என்று சுருங்கிப்போன கலைஞர் கருணாநிதி நகர், தமிழ்நாடு வீட்டுவசதி வாரியம் 1970களில் உருவாக்கிய குடியிருப்பு. செக்டார்களும் எண்ணிட்ட தெருக்களுமாகத் திட்டமிட்டுக் கட்டியது. அந்தக் கால வாரிய வீட்டின் மின்தேவை மிகச் சிறியது: அறைக்கு ஒரு குண்டு பல்பு, கூடத்தில் ஒரு மின்விசிறி, ஒரு வானொலிப் பெட்டி. கரண்ட் போனால் அரிக்கேன் விளக்கையோ சிம்னியையோ ஏற்றினார்கள். ஏற்றுவது ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடத்துக்குப் பின்னால் அன்றாடம் நடக்கிற வேறொரு வேலை இருந்தது. கண்ணாடியின் கரியைச் சாம்பலும் பழந்துணியும் கொண்டு துடைக்க வேண்டும். திரியைக் கத்தரிக்க வேண்டும். ரேஷன் கடை வரிசையில் நின்று மண்ணெண்ணெய் வாங்கி வர வேண்டும். இவை பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும் செய்த வேலைகள். மின்தடைக்கான முதல் மாற்று ஏற்பாடு பெண்ணின் கைதான்.

அடுத்த இருபது ஆண்டுகளில் வீட்டுக்குள் கிரைண்டர் வந்தது, மிக்ஸி வந்தது, வாஷிங் மெஷினும் வந்தது. தரைக்கடியில் உள்ள தொட்டியிலிருந்து மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டார் வந்தது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய 'தாய்க்கு இன்னும் அதிக வேலை' என்ற பொருள்படும் தலைப்புள்ள நூலில், வீட்டுக்குள் வந்த இயந்திரங்கள் வேலையின் கடுமையைக் குறைத்தனவே தவிர, அதற்குச் செலவாகும் நேரத்தைக் குறைக்கவில்லை என்று காட்டினார். எதிர்பார்ப்பு உயர்ந்தது, மற்றவர்கள் செய்துவந்த வேலையும் அவள் கைக்கு மாறியது. நம் ஊரில் இதோடு இன்னொன்று சேர்ந்தது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் கரண்ட் தேவையில்லை. அவை வீட்டைவிட்டுப் போன பிறகு வருகிற மின்வெட்டு சமையலையே நிறுத்திவிடும். இயந்திரம் வந்த வீட்டில் பெண் மின்வாரியத்தின் நேர அட்டவணைக்குள் வந்து சேர்ந்தாள்.

இரண்டு மணி நேரம்

2006 முதல் 2011 வரை மின்துறை அமைச்சராக இருந்த ஆற்காடு வீராசாமியின் பெயர், கடைசியில் மின்வெட்டுக்கே மாற்றுப்பெயராக மக்கள் வாயில் புழங்கியது. 2011 தேர்தலில் ஆட்சி மாறியதற்கான காரணங்களில் மின்வெட்டும் ஒன்று. ஆட்சி மாறிய பிறகு மின்வெட்டு கூடியது. 2012இல் பற்றாக்குறை ஒரு கட்டத்தில் சுமார் 4,000 மெகாவாட் என்று சொல்லப்பட்டது. வெளி மாநிலங்களில் மின்சாரம் வாங்கிக் கொண்டுவரவும் வழி குறுகலாக இருந்தது. தென்னிந்திய மின்தொகுப்பு அப்போது நாட்டின் மற்றப் பகுதிகளோடு முழுமையாக ஒத்திசைந்து இணைக்கப்பட்டிருக்கவில்லை. ராய்ச்சூர் - சோலாப்பூர் மின்தடம் வழியாக அந்த இணைப்பு நடந்தது 2013 டிசம்பர் 31 அன்றுதான்.

2012 பிப்ரவரி கடைசியில் சென்னையின் மின்வெட்டு ஒரு மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரமானது. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் இடையில், பகுதி வாரியாக, சுழற்சி முறையில். அதே ஆண்டில் கோவையிலும் மதுரையிலும் திருப்பூரிலும் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் போனது. தலைநகரில் வாழ்கிறோம் என்பதாலேயே நமக்குக் கிடைத்த சலுகையை மறந்துவிட்டு சென்னையின் இரண்டு மணி நேரத்தைப் பற்றி மட்டும் பேசுவது நேர்மையாகாது. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் எங்கே வைக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சித் தொடர்களும் பிள்ளைகளின் படிப்பும் வீடு திரும்பிய ஆண்களின் ஓய்வும் இருக்கிற மாலை நேரம் காப்பாற்றப்பட்டது. வெட்டு பகலில் விழுந்தது.

இந்தக் காலத்தில்தான் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. சுமார் 1.8 கோடி குடும்பங்களுக்கு என்று திட்டமிட்டு, அந்தக் குடும்பத்துப் பெண்களின் கையில் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்தைக் கேலி செய்தவர்கள் ஏராளம். ஆட்டுக்கல்லில் ஒருநாளும் மாவு அரைக்காதவர்களின் கேலி அது. பெண்ணின் தோள்வலியை ஓர் அரசு கணக்கில் எடுத்துக்கொண்டது என்பதே பெரிய செய்தி. மிக்ஸியைக் கொடுத்த அதே அரசால் அதைச் சுழற்றுகிற மின்சாரத்தை முழுநாளும் கொடுக்க முடியவில்லை என்பதும் அந்த வரலாற்றின் பகுதி. கோவைப் பக்கத்தில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு அரைத்த பெண்களின் தூக்கம் எந்தப் பற்றாக்குறைப் புள்ளிவிவரத்திலும் ஏறவில்லை.

எந்தப் பாயின்ட்டெல்லாம் சேர்க்கணும்?

மேற்கில் டெஸ்லா நிறுவனம் 2015இல் வீட்டுச் சுவரில் மாட்டும் மின்கலத்தை அறிமுகம் செய்தபோது எதிர்காலமே வந்துவிட்டதாக எழுதினார்கள். சூரியத்தகடு எதுவும் இல்லாமல், கம்பியில் வருகிற மின்சாரத்தையே சேமித்துவைத்துக்கொள்ளும் வீட்டு மின்கலம் அதற்குள் இந்தியாவின் லட்சக்கணக்கான வீடுகளில் புழங்கிப் பழசாகியிருந்தது. அதன் உள்ளே இருப்பது 1859இல் பிரெஞ்சுக்காரர் காஸ்தோன் பிளாந்தே கண்டறிந்த ஈய-அமில மின்கலத்தின் வழிவந்தது. கரண்ட் இருக்கும்போது சார்ஜ் ஏறும். போனவுடன் பேட்டரியின் நேர்மின்சாரத்தை இன்வெர்ட்டர் மாறுமின்சாரமாக்கி விளக்குக்கும் விசிறிக்கும் அனுப்பும். ஏற்றுவதிலும் இறக்குவதிலும் ஒரு பங்கு வீணாகிறது. அதையும் சேர்த்துத்தான் மீட்டர் ஓடுகிறது. அரசு தரவேண்டிய தடையில்லா மின்சாரத்துக்கு, வசதியுள்ள குடும்பம் இரண்டாவது முறை விலை கொடுக்கிறது.

இன்வெர்ட்டர் பொருத்த வருகிற எலெக்ட்ரீஷியன் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "எந்தப் பாயின்ட்டெல்லாம் இதுல சேர்க்கணும்?" வீட்டின் எல்லா இணைப்புகளையும் அது தாங்காது என்பதால் சிலதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமான பதில் நமக்குத் தெரியும். கூடத்தில் விசிறி, விளக்கு, டி.வி. படுக்கையறைகளில் விசிறியும் விளக்கும். கம்ப்யூட்டருக்கு ஒரு பிளக். சமையலறைக்கு ஒரு டியூப்லைட்.

வாட் கணக்கு அப்படி, என்ன செய்வது என்பார்கள். கணக்கைப் போட்டே பார்ப்போம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றின் கொள்ளளவு, பெருக்கிப் பார்த்தால், 1,800 வாட்-மணி. டி.வி. ஒன்று சுமார் 100 வாட் இழுக்கிறது. அடுப்புக்கு மேலே உள்ள எக்ஸாஸ்ட் ஃபேன் 40 வாட் அளவுதான். டி.வி.யைச் சேர்த்து எக்ஸாஸ்ட் ஃபேனை விட்டது வாட் கணக்கு இல்லை. 750 வாட் மிக்ஸி பத்து நிமிடம் ஓடினால் செலவாவது 125 வாட்-மணி. அதே மின்சாரத்தில் டி.வி. ஒன்றேகால் மணி நேரம் ஓடும். மோட்டார் உள்ள கருவிகள் கிளம்பும் கணத்தில் கூடுதலாக இழுக்கும், சாதாரண 800 வி.ஏ. இன்வெர்ட்டர் 'ஓவர்லோடு' என்று கத்தி நின்றுவிடும் என்பது உண்மை. கொஞ்சம் பெரிய இன்வெர்ட்டர் அதைத் தாங்கும். எவ்வளவு பெரியது வாங்குவது என்று முடிவுசெய்தபோது வீட்டில் எண்ணப்பட்டவை விசிறிகள். மிக்ஸி எண்ணப்படவில்லை. ஓய்வுக்கு மின்சாரம் தடைபடக் கூடாது. வேலைக்குத் தடைபட்டால் அவள் பார்த்துக்கொள்வாள்.

அவளும் பார்த்துக்கொண்டாள். எட்டு மணிக்குக் கரண்ட் போகும் மாதத்தில் ஏழரைக்குள் சட்னி அரைத்தாள். பத்து மணி முறை வந்தால் அதற்குள் தொட்டியை நிரப்பினாள். வெட்டு முடிந்த பிறகு துணியை ஊறவைத்து, வெயில் சாய்வதற்குள் காயப்போட ஓடினாள். கூடத்தில் விசிறி சுழலும்போது, காற்றில்லாத சமையலறையில் குக்கர் விசிலுக்கு நடுவே நின்றாள். மற்றவர்களுக்கு மின்வெட்டே தெரியாமல்போனதற்கு இன்வெர்ட்டர் ஒரு காரணம் என்றால், அவளுடைய நேரத்தின் நெகிழ்வு இன்னொரு காரணம். பேட்டரிக்கு உத்தரவாத அட்டை உண்டு. இந்த இரண்டாவது சேமிப்புக்கு அதுவும் கிடையாது.

வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் கணக்கு இதைவிடக் கடினமானது. எங்கள் பகுதிக்கு எம்.ஜி.ஆர். நகரிலிருந்தும் நெசப்பாக்கத்திலிருந்தும் வருகிறவர்களின் வீடுகளில் இன்வெர்ட்டர் அரிது. இங்கே கரண்ட் போனால் கிரைண்டர் வேலை தள்ளிப்போகும். அடுத்த வீட்டுக்குத் தாமதமாகும். அங்கே ஏச்சு விழும். தன் வீட்டுக்குத் திரும்பும்போது அந்தத் தெருவின் முறை வந்திருக்கும். ஒரே நாளில் இரண்டு மின்வெட்டுகளை அவள் தன் உடம்பால் ஈடுகட்டினாள்.

பேட்டரி தீர்ந்த நாட்கள்

2014க்குப் பிறகு அட்டவணை போட்ட மின்வெட்டு குறைந்தது. இன்வெர்ட்டர் மட்டும் போகவில்லை. அடுத்த சோதனைகள் வானத்திலிருந்து வந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாற்றை ஒட்டிய ஜாபர்கான்பேட்டை, எம்.ஜி.ஆர். நகர்ப் பகுதிகளில் தரைத்தளங்கள் மூழ்கின. தரையில் வைத்த பேட்டரியும் தண்ணீருக்குள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போதும் சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. நான்கைந்து மணி நேரத்துக்கென்று செய்த ஏற்பாடு முதல் இரவிலேயே தீர்ந்தது.

அந்த நாட்களில் அடுக்குமாடி வீடுகளில் முதலில் தீர்ந்தது வெளிச்சம். தாங்கமுடியாமல் தீர்ந்தது தண்ணீர். மோட்டாரை எந்த வீட்டு இன்வெர்ட்டரும் ஓட்டாது. கீழ்த்தளத் தொட்டியில் தண்ணீர் இருந்தும் மூன்றாம் மாடிக்குக் குடத்தில்தான் ஏற வேண்டும். மாதவிடாய் நாளில் இருந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்று சில நாளான பெண்ணுக்கும் படுக்கையில் கிடந்த முதியவருக்கும் ஒரு குடம் தண்ணீர் என்றால் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. தனி வீட்டுக்கென்று வாங்கிய பாதுகாப்பு எங்கே முடிகிறது, பொதுவான ஏற்பாடு எங்கே தொடங்க வேண்டும் என்பதை அந்த மாடிப்படிகள் சொல்லின.

ஈயத்தின் வழி

பேட்டரியின் வாழ்க்கை வீட்டோடு முடிவதில்லை. சில ஆண்டுகளில் அது சக்தி இழக்கும். பழையதைக் கொடுத்துப் புதியதில் விலை குறைத்து வாங்குகிறோம். உள்ளிருக்கும் ஈயம் உருக்கப்பட்டு மறுபடி பேட்டரி ஆகிறது. முறையான ஆலையில் நடந்தால் இது நல்ல மறுசுழற்சி. திறந்தவெளியில் உடைத்து, அமிலத்தை மண்ணில் கொட்டி, குடிசைத் தொழிலாக உருக்கினால் நஞ்சு. இந்தியாவில் இதற்கு 2001இலேயே விதிகள் வந்தன. 2022இல் புதிய விதிகள் வந்தன. ஆனாலும் முறைசாரா உருக்கு நின்றுவிடவில்லை. உலகில் மூன்றில் ஒரு குழந்தையின் ரத்தத்தில், ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளிடம், கவலைக்குரிய அளவில் ஈயம் இருப்பதாக யுனிசெஃப் 2020இல் அறிவித்தது. முறையற்ற பேட்டரி மறுசுழற்சியை முக்கியக் காரணங்களில் ஒன்றாக அந்த அறிக்கை சுட்டியது. ஈயம் எலும்பில் தங்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கிளம்பிக் கருவுக்குப் போகும்.

கென்யாவின் மொம்பாசா நகரத்தில் ஓர் ஈய உருக்காலையில் வேலைக்குச் சேர்ந்த பிலிஸ் ஒமிடோவின் கைக்குழந்தை நோயுற்றபோது, காரணம் ஈயம் என்று தெரியவந்தது. அவர் அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் பரிசோதிக்க வைத்தார், மக்களைத் திரட்டினார், சிறைக்கும் போனார். 2014இல் ஆலை மூடப்பட்டது. 2015இல் அவருக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. ஒரு வீட்டின் மின்வெட்டுக்குத் தீர்வாக வந்த பொருள், வேறொரு பெண்ணின் வீட்டு வாசலில் போய்ப் பிரச்சினையாக இறங்குகிறது.

இப்போது கடைகளில் லித்தியம் பேட்டரி வந்துவிட்டது. தண்ணீர் ஊற்ற வேண்டாம், இடம் அடைக்காது, நீண்ட நாள் வரும். நல்லதுதான். வாங்கும் நாளில் கேட்கவேண்டிய கேள்வி மட்டும் மாறவில்லை. மாணவிகள் இதை ஒரு சிறு ஆய்வாகவே செய்யலாம். உங்கள் வீட்டில் மெயினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பாருங்கள். எது எரிகிறது, எது எரியவில்லை என்று ஒரு தாளில் எழுதுங்கள். எரியாத பாயின்ட்டில் யார் வேலை செய்கிறார் என்று பக்கத்திலேயே குறியுங்கள். பிறகு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அடுப்பங்கரைக்கு ஒரு விசிறி இணைப்புக் கொடுக்க அவருக்கு அரைநாள்கூட ஆகாது.