ஈந்தோரும் ஏற்றோரும்: கனடாவின் இடைநிலைப் பாத்திரம்

வள்ளுவர் ஈகையைப் பாடுவதற்கு முன் ஒப்புரவறிதலைத் தனியதிகாரமாக வைத்தார். வறியார்க்கு இடுவது வேறு, உலகோடு ஒத்து உதவி வாழ்வது வேறு என்பதை மாணவியர்க்கு விளக்கும்போதெல்லாம், நாடுகளுக்கிடையிலான உதவி இவ்விரண்டில் எதனைச் சாரும் என்னும் வினா என்னுள் எழுவதுண்டு. பேரரசும் ஆகாமல் சிற்றரசும் ஆகாமல் இடையில் நிற்கும் கனடாவின் வரலாறு இவ்வினாவை ஆராய்தற்கு ஏற்றதாகும்.

1950 சனவரியில் காமன்வெல்த் அயலுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடியபோது பிறந்ததே கொழும்புத் திட்டம். கனடாவின் சார்பில் அங்கு அமர்ந்திருந்தவர் லெஸ்டர் பியர்சன். அதற்கு முந்தைய ஆண்டில்தான் கனடா நேட்டோ கூட்டணியின் தொடக்க உறுப்பினராகியிருந்தது. ஆசியாவின் வறுமை பொதுவுடைமைக்கு வழி திறந்துவிடும் என்ற அச்சம் அவ்வுதவியில் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டுவதில்லை.

உதவி வந்த முறை சுவையானது. கனடா கோதுமை அனுப்பியது. அதனை விற்றுக் கிடைத்த ரூபாய் மயூராட்சித் திட்டத்திற்குச் செலவாயிற்று. அந்த ஆற்றின் மசஞ்சோர் அணையை 1955இல் பியர்சனே திறந்துவைத்தார். கனடா அணை என்றே அது பெயர் பெற்றது. நீரில் மூழ்கியவை அன்றைய பீகாரின் சந்தால் ஊர்கள். பாசனம் பெற்றதோ பெரும்பாலும் மேற்கு வங்கம். கொடுத்தவர் கணக்கிலும் பெற்றவர் கணக்கிலும் அம்மக்களின் இழப்பு நெடுநாள் ஏறவில்லை. நம் நீலகிரியின் குந்தா மின்திட்டமும் இதே கொழும்புத் திட்டக் கனடிய உதவியால் உருவானதே.

கூட்டணியில் இருந்துகொண்டே எதிரணியாரும் நம்பத்தக்கவராய் இருத்தல் இடைநிலை அரசின் தனித்திறன். 1954இல் இந்தோசீனக் கண்காணிப்பு ஆணையத்தில் இந்தியா தலைமை ஏற்க, கனடாவும் போலந்தும் உறுப்பினராயின. 1956இல் சூயசு நெருக்கடியில் பிரிட்டனும் பிரான்சும் இஸ்ரேலும் எகிப்தைத் தாக்கியபோது, தாய்நாடு போன்ற பிரிட்டனுக்குத் துணைபோகாமல் ஐ.நா. அவசரப்படையைப் பியர்சன் முன்மொழிந்தார். 1957இல் அமைதிக்கான நோபெல் பரிசு அவரை அடைந்தது.

ஆனால் நம்பிக்கையின் அடிப்படையில் கொடுத்த பொருள் கொடுத்தவர் கையை விட்டு அகன்றுவிடும். டிராம்பேயில் 1960இல் இயங்கத் தொடங்கிய சைரஸ் அணு உலை கனடாவின் கொடை. அமைதிப் பணிக்கே பயன்படும் என்ற வாக்குறுதி இருந்தது. கடுமையான சோதனை விதிகள் இல்லை. அவ்வுலையின் புளுட்டோனியமே 1974 மே 18 அன்று பொக்ரானில் வெடித்தது. அது அமைதி நோக்கிலான வெடிப்பு என்றது இந்தியா. வாக்கு மீறல் என்றது கனடா. 1976இல் அணுத்துறை ஒத்துழைப்பு முற்றிலும் முறிந்தது. இருவர் கூற்றிலும் ஓரளவு நியாயம் உண்டு என்பதே என் கருத்து. சொல்லின் பொருளை வரையறுக்காமல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயன் அது. விலகிச் சென்ற கனடா விட்டுச்சென்ற இராசத்தான் இரண்டாம் உலையை இந்தியப் பொறியாளர்களே முடித்தனர். அந்தப் பட்டறிவே கல்பாக்கத்து மின்னுலைகளுக்கும் கைகொடுத்தது. 2010இல் இரு நாடுகளும் மீண்டும் அணு உடன்பாட்டில் கையொப்பமிட்டன. அவ்வாண்டின் இறுதி நாளிலேயே சைரஸ் நிறுத்தப்பட்டது.

பிரதமர் பதவியிலிருந்து விலகிய பின், உலக வங்கிக்காகப் பியர்சன் தலைமையில் அமைந்த ஆணையம் 1969இல் அறிக்கை அளித்தது. செல்வ நாடுகள் தம் தேசிய உற்பத்தியில் 0.7 விழுக்காட்டை அரசு உதவியாக அளிக்க வேண்டும். 1975இல், காலம் தாழ்ந்தால் 1980க்குள், அதனை எட்ட வேண்டும் என்பது அதன் பரிந்துரை. 1970இல் ஐ.நா. பொதுப்பேரவை அவ்வளவையே இலக்காக ஏற்றது. சுவீடனும் நெதர்லாந்தும் நார்வேயும் டென்மார்க்கும் அதனை எட்டித் தாண்டின. பியர்சனின் தாயகமோ ஒரே ஓர் ஆண்டிலும் அதனைத் தொட்டதில்லை.