வளாக உணவு விநியோகம் (கோவிட்-19 பெருந்தொற்று)

வளாக உணவு விநியோகம் என்பது பல்கலைக்கழக உணவுக்கூடத்தில் சமைத்த உணவை மாணவர்கள் தங்கியிருக்கும் இடத்துக்கே கொண்டு சேர்க்கும் முறையாகும். உலக சுகாதார அமைப்பு 2020 மார்ச் 11 அன்று கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என அறிவித்ததைத் தொடர்ந்து, ஐக்கிய அமெரிக்காவின் பல்கலைக்கழகங்கள் பல இம்முறையைப் பின்பற்றின. விருந்து நிகழ்வுகளுக்குப் பயன்பட்டுவந்த வெப்பக்காப்புப் பெட்டிகள், தள்ளுவண்டிகள் முதலியன இதற்கேற்ப மாற்றியமைக்கப்பட்டன. வைரசுப் பரவல், உணவு கெடுதல் ஆகிய இரு ஆபத்துகளையும் இம்மாற்றங்கள் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. முதலாவதைப் பற்றிய அறிவு ஓராண்டுக்குள் பெரிதும் மாறியது. இரண்டாவதன் விதிகள் மாறவில்லை.

பின்னணி

அமெரிக்க வளாக உணவுக்கூடங்களில் மாணவர்கள் தாமே உணவை எடுத்துக்கொள்ளும் முறை பரவலாக இருந்தது. ஒரே கரண்டியைப் பலர் தொடுவதும், பலர் கூடி அமர்ந்து உண்பதும் இதன் இயல்பாகும். 2020 ஆகஸ்டில் வளாகங்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது, நோயுற்றோரும் தொற்றுக்கு உள்ளாகியிருக்கக் கூடியோரும் அறைகளில் தனிமைப்படுத்தப்பட்டனர். இவர்கள் வெளியே சென்று உணவு வாங்க இயலாது. விநியோகம் தவறினால் பட்டினி கிடக்க நேரும். அம்மாதம் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 14 நாள் தனிமையில் இருந்த மாணவர்கள், உணவு தாமதமாக வருவதாகவும் தம் உணவுக் கட்டுப்பாடுகளுக்குப் பொருந்தவில்லை எனவும் முறையிட்டனர். பல்கலைக்கழகம் குறைபாட்டை ஒப்புக்கொண்டது.

வெப்பநிலைக் காப்பு

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிருவாகத்தின் மாதிரி உணவு விதித்தொகுப்பின்படி, சூடான உணவு 57 பாகை செல்சியசுக்குக் குறையாமலும், குளிர்ந்த உணவு 5 பாகைக்கு மிகாமலும் இருத்தல் வேண்டும். இவற்றுக்கு இடைப்பட்ட வெப்பநிலையில் பாக்டீரியாக்கள் விரைந்து பெருகுகின்றன. சோற்றில் காணப்படும் பாசில்லசு செரியசு என்னும் பாக்டீரியாவின் வித்துகள் சமைத்தபின்னும் உயிருடன் இருக்கக்கூடியவை. வாந்தியை உண்டாக்கும் அதன் நச்சு, உணவை மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. எனவே சூட்டைத் தொடக்கம் முதல் காப்பதே முதன்மையானது.

வெப்பக்காப்புப் பெட்டி வெப்பத்தை உண்டாக்குவதில்லை. வெளியேறாமல் தடுக்க மட்டுமே செய்கிறது. பெரிய தட்டுகளில் உணவைச் சுமக்க வடிவமைத்த பெட்டியில் ஒருவருக்கான சிறு பொதிகளை அடுக்கும்போது பின்வரும் சிக்கல்கள் எழுகின்றன.

* சிறு பொதி பெரிய தட்டைவிட விரைவில் ஆறிவிடும். வெந்நீர்த் தட்டை உள்ளே வைத்துப் பெட்டியை முன்கூட்டியே சூடேற்றுவது இதற்குத் தீர்வாகும்.
* ஒவ்வோர் அறைக்கும் கதவைத் திறந்தால் சூடு வெளியேறும். ஒரு மாடிக்கு ஒரு பெட்டி எனப் பிரித்தால் திறப்புகள் குறையும்.
* மூடிய பொதியில் நீராவி தங்கி, பொரித்த உணவு நமத்துப்போகும். மூடியில் சிறு துளைகள் இருப்பது உதவும்.

குளிர்பதனப் பெட்டியும் நுண்ணலை அடுப்பும் உள்ள அறைகளுக்கு, குளிரூட்டிய உணவை நாளுக்கு ஒருமுறை வழங்குவது மற்றொரு வழியாகும். இவ்வாறு வழங்கிய உணவை 74 பாகை வரை சூடாக்கி உண்ணுதல் வேண்டும். இதனால் விநியோகிப்போர் நோயுற்றோரின் தளத்துக்குச் செல்லும் தடவைகளும் குறைகின்றன.

தொடுகையற்ற வழங்கல்

பணியாளர் பொதியைக் கதவருகே வைத்து, கதவைத் தட்டிவிட்டு விலகிச் செல்வது எளிய முறையாகும். கைபேசிக் குறியீட்டால் திறக்கும் உணவுப் பெட்டகங்களும் பயன்பட்டன. ஸ்டார்ஷிப் டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் ஆறு சக்கரத் தானியங்கி ஊர்திகள் 2019 ஜனவரியிலேயே வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் அறிமுகமாகியிருந்தன. நடைபாதையில் மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் இவற்றின் மூடியை, உணவு கேட்டவர் தம் கைபேசி மூலம் திறப்பார். வசதிக்காகத் தொடங்கிய இவை, பெருந்தொற்றின்போது மனிதத் தொடர்பைக் குறைக்கவும் உதவின.

தூய்மையாக்கல்

2020 மார்ச்சில் வெளியான ஓர் ஆய்வக ஆய்வு, இவ்வைரசு நெகிழியில் 72 மணி நேரம் வரையிலும் அட்டையில் 24 மணி நேரம் வரையிலும் கண்டறியப்பட்டதாகத் தெரிவித்தது. இக்காலத்தில் பெட்டிகளையும் வண்டிப் பிடிகளையும் அடிக்கடி துடைப்பதில் மிகுந்த கவனம் செலுத்தப்பட்டது. ஆனால் ஆய்வகத்தில் வைரசு கண்டறியப்படுவதும் அதனால் நோய் பரவுவதும் ஒன்றல்ல. மாசடைந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று ஏற்படும் வாய்ப்பு பொதுவாக 10,000-இல் ஒன்றுக்கும் குறைவு என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் தெரிவித்தது. முதன்மையான வழி மூச்சுக்காற்றுத் துகள்களே எனத் தெளிந்ததும், சமையலறைக் காற்றோட்டமும் முகக்கவசமும் கூடுதல் முக்கியத்துவம் பெற்றன.

தூய்மையாக்கலே தேவையற்றதாகிவிட்டது எனப் பொருளன்று. உணவு சிந்திய பெட்டியை முதலில் சவர்க்கார நீரால் கழுவி, பின்னரே கிருமிநீக்கி இடவேண்டும். அழுக்கு கிருமிநீக்கியின் ஆற்றலைக் குறைக்கும். தரைக்குப் பயன்படும் செறிவான குளோரின் கரைசலை உணவு தொடும் பரப்பில் இட்டால் நீரால் கழுவுதல் வேண்டும்.

விளைவுகள்

ஒருமுறை பயன்படுத்தி எறியும் கலன்களால் குப்பை பெருகியது. முறையாகக் கழுவினால் மீள்பயன்பாட்டுக் கலன்கள் பாதுகாப்பானவை என நூற்றுக்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் 2020 ஜூனில் கூட்டாக அறிவித்தனர். அறையில் தனித்திருப்பவருக்கு உரிய நேரத்தில், உரிய சூட்டில், உண்ணத்தக்க உணவு சேர்கிறதா என்பதே இக்கருவிகளின் பயனை அளக்கும் அளவுகோலாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* உணவுப் பாதுகாப்பு
* தனிமைப்படுத்தல்
* வெப்பக் காப்பு