பாட்டிகள் வளர்த்த கீழத்தஞ்சை

ஒவ்வொரு டிசம்பர் 25 அன்றும் கீழவெண்மணிக்குப் போகிறோம். 44 பேருக்கு வீரவணக்கம் சொல்கிறோம். 1968-இல் அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதற்கும், செங்கொடியை இறக்க மறுத்ததற்கும் ராமையாவின் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டவர்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். 1970-இல் கீழமை நீதிமன்றம் பண்ணையார்களுக்குப் பத்தாண்டு தண்டனை கொடுத்தது. 1973-இல் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. கார் வைத்திருக்கும் மிராசுதார்கள் நேரில் நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று அந்தத் தீர்ப்பு சந்தேகப்பட்டதை நம்மில் யாரும் மறக்கவில்லை.

நாம் கேட்க மறந்தது வேறொன்று. மறுநாள் காலை, தாய் போன வீட்டில் மிஞ்சிய பிள்ளைக்கு யார் கஞ்சி ஊற்றினார்கள்? அத்தையா, சித்தியா, அப்பாயியா? தன் மகளையும் பேரப்பிள்ளையையும் தீயில் கொடுத்த ஒருத்தி, மிஞ்சிய இன்னொரு பேரனை மடியில் போட்டுக்கொண்டு எப்படித் தூங்கினாள்? பாரதி கிருஷ்ணகுமாரின் 'ராமையாவின் குடிசை' ஆவணப்படம் 2005-இல் வந்தது. அதில் பிழைத்தவர்கள் பேசும்போது 36 ஆண்டுத் துயரம் ஆறாமல் அப்படியே இருக்கிறது. பார்க்காதவர்கள் பாருங்கள்.

இந்த வளர்ப்பு வெண்மணியில் தொடங்கியதல்ல. பண்ணையாள் முறையில் பண்ணை எடுத்துக்கொண்டது ஓர் ஆளை மட்டுமா? குடும்பத்தையே எடுத்துக்கொண்டது. ஆண் உழவுக்கு, பெண் நடவுக்கு, பிள்ளை மாடு மேய்க்க. சாட்டையடியும் சாணிப்பாலும் இருந்த காலம் அது. 1940-களில் பி. சீனிவாசராவ் வந்து சங்கம் கட்டியதும், 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் நமக்குத் தெரியும். இன்னொரு பக்கம் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து மலேயாவுக்குக் கப்பலேறியவர்கள். தோட்டக்காட்டில் காய்ச்சலில் செத்தவனின் பிள்ளை இங்கே சேரியில் யாரோ ஒரு கிழவியின் கையில்தான் வளர்ந்தது. அரசு ஆவணத்தில் கப்பலேறிய தலைக்குக் கணக்கு உண்டு, கிழவிக்கு ஏது?

2004-இல் வெண்மணி நாள் முடிந்த மறுநாள் காலை கடல் வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாகை, கடலூர், கன்னியாகுமரியில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு அரசு சிறப்பு இல்லங்கள் திறந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தார் வந்து உள்ளூர்த் தொண்டர்களுக்கு மனநல ஆதரவுப் பயிற்சி கொடுத்தார்கள். நல்ல வேலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நிவாரணம் படகையும் வலையையும் அளவுகோலாக வைத்தது. மீன் கூடை சுமந்த, உப்பளத்திலும் உப்பு ஏறிய வயலிலும் கூலி வேலை செய்த தலித் குடும்பங்கள் பட்டியலுக்கு வெளியே நின்றன. குழந்தைக்காவது ஆலோசனை கிடைத்தது. வளர்க்கிற பாட்டிக்கும் ஒரு மகன் செத்திருக்கிறான் என்பது எந்தப் படிவத்திலும் ஒரு கட்டமாக இல்லை.

சட்டமும் இதே கண்ணோடுதான் பார்க்கிறது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் வளர்ப்புப் பராமரிப்பு என்றால், குழந்தைகள் நலக் குழு உத்தரவோடு பெற்றோரல்லாத ஒரு குடும்பத்தில் குழந்தையை ஒப்படைப்பது. அதற்கு விசாரணை உண்டு, தொடர் கண்காணிப்பும் உண்டு. உத்தரவில்லாமல் தானாகத் தூக்கி வளர்க்கும் அம்மாயிக்கு அதில் எதுவுமில்லை. பணம் கொஞ்சம் வரத் தொடங்கியிருப்பது உண்மை. 2021 மே மாதம் கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 5 லட்சம் வைப்புத்தொகையும், உறவினர் வளர்த்தால் மாதம் 3,000 ரூபாயும் தமிழக அரசு அறிவித்தது. 2025 செப்டம்பரில் அன்புக் கரங்கள் திட்டம் வந்தது, மாதம் 2,000 ரூபாய். இவை போராடிப் பெற வேண்டியவை, விடக் கூடாதவை. ஆனால் இவை குழந்தையின் செலவுக்கான பணம். வளர்ப்பவளின் மனதுக்கு என்ன இருக்கிறது?

திருவாரூர்ப் பக்கம் ஒரு ஆயா. மகள் இல்லை, மருமகன் திருப்பூரில் வேறு குடும்பம். பேரனுக்குப் பன்னிரண்டு வயது. நெஞ்சடைப்பு, கைகால் ஓய்ச்சல் என்று சுகாதார நிலையத்துக்குப் போனால் வலி மாத்திரை கொடுத்தார்கள். உதவித்தொகைக்காக அவரோடு ஓர் அலுவலகத்துக்கு நாலு தடவை நடந்தேன். இறப்புச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் அட்டை எல்லாம் கேட்டார்கள். தூக்கம் வருகிறதா என்று யாரும் கேட்கவில்லை. சொல்லப்போனால் மூன்றாவது தடவைவரை நானும் கேட்கவில்லை. சமூகவியல் முதுகலை படித்தவன்! கேட்டபோது சிரித்தார்: "எனக்கு ஒண்ணுன்னா இவன் யாருகிட்ட போவான் தம்பி? அத நெனச்சா எங்கேருந்து தூக்கம்?"

மாவட்ட மனநலத் திட்டத்தில் மருத்துவர் இருக்கிறார். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழில் பேசலாம். ஆனால் நடவுக்குப் போகும் ஆயா நகர மருத்துவமனைக்குப் போனால் ஒருநாள் கூலி போய்விடும். போனில் முன்பின் தெரியாதவரிடம் செத்த மகளைப் பற்றிப் பேசுவது அதைவிடக் கடினம். இப்போது மாதம் ஒரு மாலை, நூறு நாள் வேலை முடிந்த பிறகு, அங்கன்வாடித் திண்ணையில் ஆறு பாட்டிகள் கூடுகிறார்கள். முதல் இரண்டு கூட்டம் ரேஷன் அரிசி பற்றியே போனது. மூன்றாவதில் ஒருவர் அழுதார், மற்றவர்கள் எழுந்து போகவில்லை. மாவட்டத் திட்டத்தின் ஆலோசகர் அந்தத் திண்ணைக்கு மாதம் ஒருமுறை வர வேண்டும் என்று மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். அடுத்த டிசம்பர் 25-க்கு வெண்மணி வருகிறவர்கள் அதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.