வீட்டு ஆம்ப்ளிஃபயரில் உதிரிபாக மாற்றம்

பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயரை முழுதாக மாற்றாமல், உள்ளே இருக்கும் கபாசிட்டர், ஐ.சி., டிரான்ஸ்பார்மர், வால்யூம் கன்ட்ரோல் போன்றவற்றை மட்டும் மாற்றி ஒலியைச் சீராக்கும் முயற்சி இது. கம்பெனி செட்டிலும் செய்வார்கள். தென்னிந்தியாவில் அதிகம் நடப்பது உதிரிகளை வாங்கி உள்ளூரிலேயே கோர்த்த 'அசெம்பிள்' செட்டில்தான். சாமானுக்குச் சென்னையில் ரிச்சி தெரு, பெங்களூருவில் எஸ்.பி. ரோடு. மைசூருவிலிருந்து எஸ்.பி. ரோடு சுமார் 145 கிலோமீட்டர். காலை ரயிலில் போய் இரவுக்குள் திரும்பிவிடலாம்.

ஒலிக்கருவிகளோடு வீட்டுக்குள்ளேயே மல்லுக்கட்டுவது மைசூருவுக்குப் புதிதல்ல. உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி 1935-இல் தம் வீட்டிலேயே 'ஆகாசவாணி' என்ற வானொலி நிலையத்தைத் தொடங்கினார். மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார் ரஷ்ய இசையமைப்பாளர் மெட்னரின் படைப்புகளைத் தம் செலவில் இசைத்தட்டில் பதிய வைத்தார். அரண்மனைக்கு வந்த லண்டன் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் வால்டர் லெக், அங்கே பெரிய இசைத்தட்டு நூலகத்தையும் பலவகை ஸ்பீக்கர்களையும் கண்டு எழுதியிருக்கிறார். மகாராஜா ஸ்பீக்கரில் கவனம் வைத்தது சரியான இடம்தான். நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒலியில் சேர்க்கும் திரிபைவிட ஸ்பீக்கர் சேர்ப்பது பல மடங்கு அதிகம்.

உதிரிகளில் முதலில் கை வைக்கப்படுவது பவர் சப்ளையின் ஃபில்டர் கபாசிட்டர். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தைப் பிரிட்ஜ் டயோடு நேர்மின்சாரமாக்கும்போது நொடிக்கு 100 முறை ஏற்ற இறக்கம் தங்கிவிடுகிறது. 'ஹம்' என்ற ரீங்காரத்துக்கு அது ஒரு மூலம். ஒரு ஆம்பியர் இழுக்கும் செட்டில் 4,700 மைக்ரோஃபாரட் இருந்தால் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 2 வோல்ட். 10,000 போட்டால் 1 வோல்ட். கணக்கில் பாதியாகக் குறைந்தாலும் காதில் அப்படிக் குறைவதில்லை. டிடிஏ 2030 போன்ற ஆம்ப்ளிஃபயர் ஐ.சி.க்கள் சப்ளையில் வரும் அலையைப் பெருமளவு தாமே தள்ளிவிடும். பெரும்பாலான வீட்டு செட்டுகளில் ஹம் வருவது கிரவுண்ட் ஒயரை இழுத்த விதத்தால். அந்தத் தவறு அப்படியே இருக்கக் கபாசிட்டரை மட்டும் பெரிதாக்கினால், அது சார்ஜ் ஆகும்போது இழுக்கும் மின்னோட்டத் துடிப்பு இன்னும் கூர்மையாகி, ஹம் கூடவும் செய்யும். இன்புட் கிரவுண்டையும் ஸ்பீக்கர் கிரவுண்டையும் தனித்தனியாகக் கொண்டுவந்து ஒரே புள்ளியில் சேர்த்தால் பைசா செலவின்றித் தீரும்.

டிரான்ஸ்பார்மரில் ஆசை அதிகம், ஆபத்தும் அதிகம். 12-0-12 வோல்ட் டிரான்ஸ்பார்மர் போட்டால், நேர்மின்சாரமாக்கியபின் பக்கத்துக்குச் சுமார் 16 வோல்ட் வரும். 'சத்தம் பத்தல' என்று 15-0-15 மாட்டினால் 20 வோல்ட்டைத் தாண்டும். டிடிஏ 2030-இன் எல்லை 18. ஐ.சி. போயே போய்விடும். அந்த வோல்ட்டைத் தாங்கும் ஐ.சி. போட்டு வாட்ஸை இரட்டிப்பாக்கினாலும் ஏறுவது 3 டெசிபல். சத்தம் இருமடங்காகக் கேட்க 10 டெசிபல் வேண்டும்.

பாஸ்-ட்ரெபிள் போர்டில் 4558 ஐ.சி.யைப் பிடுங்கி 5532 செருகுவது இன்னொரு பிரபலமான வேலை. கால் அமைப்பு ஒன்றேதான். இரைச்சல் குறைவென்று டேட்டாஷீட்டும் சொல்லும். ஆனால் முன்னால் 100கே வால்யூம் கன்ட்ரோல் உட்கார்ந்திருந்தால், அந்தத் தடையின் வெப்ப இரைச்சலே ஐ.சி.யின் இரைச்சலை மூழ்கடித்துவிடும். 10கே வால்யூமோடு சேர்த்து மாற்றினால் கொஞ்சம் பலன் தெரியும்.

காதுக்கு உடனே தெரிவது, ஒலி சிக்னல் கடந்துபோகும் வழியில் இருக்கும் கப்ளிங் கபாசிட்டரின் மாற்றம். 10கே இன்புட்டின் முன் 0.1 மைக்ரோஃபாரட் இருந்தால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே பாஸ் தேயத் தொடங்கும். மிருதங்கத்தின் தொப்பி மெலிந்து கேட்கும். 1 மைக்ரோஃபாரட் போட்டால் எல்லை 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மதிப்பு சரியாக இருந்தபின், அதே மதிப்பில் விலையுயர்ந்த கபாசிட்டர் வைப்பதால் ஒலி மாறும் என்பது பெரும்பாலும் நம்பிக்கை. தேய்ந்த வால்யூம் கன்ட்ரோலை மாற்றுவது அப்படியல்ல: கரகரப்பு போகும், மெல்ல வைத்தால் ஒரு பக்கம் மட்டும் பாடுவதும் நிற்கும்.

ஒப்பிடும்போது இரண்டு செட்டின் சத்தமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல்லுக்கும் குறைந்த ஏற்றமே 'தெளிவு' என்று ஏமாற்றிவிடும். 1985-இல் அமெரிக்கர் பாப் கார்வர், விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்றின் வெளியீட்டோடு தம் மலிவான செட்டின் வெளியீட்டை ஒப்பிட்டு, வித்தியாசத்தைத் துளித்துளியாகக் குறைத்தார். கடைசியில் 'ஸ்டீரியோஃபைல்' இதழ்க்காரர்களால் இரண்டையும் பிரித்தறிய முடியவில்லை. உதிரியைவிட அறைதான் ஒலியை அதிகம் மாற்றும்: பழைய மைசூரு வீடுகளின் வழவழப்பான சிவப்புக் காவித் தரையில் ஒரு கனத்த ஜமக்காளம் விரித்தால் வரும் மாற்றம், ஐ.சி. மாற்றத்தைவிட எளிதில் காதுக்குப் பிடிபடும்.

1980-களின் சோனோடைன், காஸ்மிக் போன்ற பழைய செட்டுகளின் கதை வேறு. அவற்றில் எலக்ட்ரோலைட்டிக் கபாசிட்டர்கள் உலர்ந்திருக்கும். எல்லாவற்றையும் மாற்றினால் ஒலி நிஜமாகவே மீளும். 10 டிகிரி வெப்பம் கூடினால் இவ்வகைக் கபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அதனால் கடல்மட்டத்திலிருந்து 750 மீட்டருக்கு மேலே, வெக்கை குறைந்த மைசூருவில் ஓடிய செட், சென்னையில் அதே அளவு ஓடியதைவிட நல்ல நிலையில் கிடைக்க வாய்ப்பு அதிகம்.