வேழமும் ஈயக்குண்டும்

யானையின் தலையை வெளியிலிருந்து நோக்குகிறவனுக்கு, அத்தனை பெரிய மண்டைக்குள் அதற்கு ஈடான மூளையும் இருக்குமென்றும், ஆகையால் எந்தப் பக்கத்தில் சுட்டாலும் குண்டு அதில் தைத்தே தீருமென்றும் தோன்றுவது இயற்கை. உள்ளமைப்போ வேறு விதமானது. மண்டையின் பெரும்பகுதி தேனடையைப் போலக் காற்றறைகள் நிறைந்த எலும்பு. ஏறக்குறைய 5 கிலோ எடையுள்ள மூளை அதன் பின்புறத்தில், தாழ்வாக, ஒடுங்கிக் கிடக்கிறது. இந்த ஒரு விஷயத்தைச் செவ்வையாக அறிந்துகொள்வதற்குள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் செலவிட்ட ஈயத்துக்கும், வீழ்ந்த யானைகளுக்கும் கணக்கில்லை.

அந்தச் சரித்திரத்தின் முக்கியமான ஓர் அத்தியாயம் இலங்கையில் நடந்தது. அங்குள்ள ஆண் யானைகளில் மிகச் சிலவற்றுக்கே தந்தமுண்டாதலால், தந்தத்துக்காக அன்றி, பயிரை அழிக்கும் பிராணி என்ற காரணம் காட்டி அரசாங்கம் அளித்த வெகுமதிக்காகவும், வெறும் விநோதத்துக்காகவுமே அவை கொல்லப்பட்டன. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ராஜர்ஸ் என்பவர் ஒருவரே ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பது அக்காலத்தார் சொல்லிவந்த கணக்கு. 1848இல் நுவரெலியாவில் குடியேறிய சாமுவேல் பேக்கரோ, பிரிஸ்டல் நகரத்துக் கொல்லர் கிப்ஸ் தமக்கென்று செய்து கொடுத்த, 21 ராத்தல் எடையுள்ள ‘நாலு போர்’ துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காடுகளில் அலைந்தார். துப்பாக்கிக் குழலின் அளவை அக்காலத்தில் குண்டின் எடையைக் கொண்டே குறித்தார்கள். குழலுக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் எத்தனை சேர்ந்தால் ஒரு ராத்தல் ஆகுமோ அந்த எண்ணே அதன் பெயர். நாலு போர் என்றால் உருண்டை ஒன்று கால் ராத்தல், அதாவது சுமார் 113 கிராம்.

இத்தனை கனத்த குண்டுக்கும் ஒரு குறை இருந்தது. சுத்தமான ஈயம் மென்மையானது. அடர்ந்த எலும்பில் மோதிய கணத்தில் தட்டையாகி, மூளையை எட்டாமல் வழியிலேயே நின்றுவிடும். ஆகவே, ஈயத்தை உருக்கும்போதே அதில் வெள்ளீயத்தையோ பாதரசத்தையோ சேர்த்து இறுக்கும் வழக்கம் உண்டாயிற்று. ஆனால் புலிக்கு அந்த நியாயம் பொருந்தாது. மெல்லிய தோலும் சிறிய உடலும் கொண்ட அதன் மீது இறுகிய குண்டைப் பிரயோகித்தால் அது ஊசியைப் போல ஒரு புறம் நுழைந்து மறுபுறம் போய்விடும். ஈயம் உடலுக்குள் விரிந்து, தன் வேகம் முழுவதையும் அங்கேயே செலவழித்தால்தான் மிருகம் விழும். மிருகத்துக்கு ஏற்ற உலோகம் என்ற இந்தச் சித்தாந்தத்தை, தம் முதுமையில், 1890இல் வெளியிட்ட நூலில் பேக்கர் விஸ்தாரமாக எடுத்துரைத்தார்.

ஆயினும் கனத்தை நம்பியவர்கள் அதற்குத் தக்க விலையும் கொடுத்தார்கள். 1871இல் பத்தொன்பது வயது வாலிபராக ஆப்பிரிக்காவுக்குப் போன பிரெடரிக் செலூஸ், கைப்பிடி மருந்தைக் குழலில் கொட்டி, கால் ராத்தல் குண்டை இட்டுச் சுட்டு யானை வேட்டையில் பேரெடுத்தவர். அந்தத் துப்பாக்கிகளின் பயங்கரமான உதை தம் நரம்புகளையே தளர்த்தி, பிற்காலத்தில் குறி தவறுவதற்கும் காரணமாயிற்று என்று அவரே வருந்தி எழுதினார்.

புகையில்லா மருந்து வந்த பிறகு கணக்கே மாறிவிட்டது. 1898இல் ஜான் ரிக்பி வெளியிட்ட 0.450 அங்குலத் துப்பாக்கியின் குண்டு 31 கிராம்தான். ஆனால் விநாடிக்கு 2,150 அடி வேகத்தில் அது பாய்ந்தது. அந்த வேகத்தை வெறும் ஈயம் தாங்காதாகையால் அதற்கு வன்மையான உலோகச் சட்டை அணிவித்தார்கள். மூக்கு வரை முழுதும் மூடிய குண்டுக்கு, உள்ளே ஈயமே இருந்தபோதிலும், ‘சாலிட்’ என்று பெயர், அது யானைக்கு. மூக்கில் ஈயம் வெளியே தெரிய விடப்பட்டது புலிக்கு. கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் தொழிற்சாலையில், விரியும் அந்த வகைக் குண்டை மனிதர் மீதும் பிரயோகிக்கச் செய்தபோது உலகம் முகஞ்சுளித்தது, 1899இல் ஹேக் மாநாடு அதை யுத்தத்தில் விலக்கியது, வேட்டைக்கோ விலக்கில்லை. அரசியலும் வேட்டைக்காரனின் தோட்டாவில் கைவைக்காமலில்லை: கலகக்காரர்களின் பழைய மார்ட்டினி துப்பாக்கிகளுக்கு உதவிவிடுமோ என்ற அச்சத்தால் 1907ஐ ஒட்டி இந்தியாவில் 0.450 அளவு தடுக்கப்படவே, கொல்லர்கள் 0.465 என்றும் 0.470 என்றும் புதிய அளவுகளைப் படைத்தார்கள்.

எடையின் கீர்த்தியை முற்றும் குலைத்தவர் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். செத்த யானையின் மண்டையை நெடுக்காக ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தக் கோணத்திலிருந்து அதை எட்டலாம் என்பதைக் கண்ணாரக் கண்டு மனத்தில் பதித்துக்கொண்ட அவர், வெறும் 11 கிராம் எடையுள்ள, முழுச் சட்டையணிந்த குண்டைக் கொண்டே ஆயிரத்துக்கு மேற்பட்ட தம் யானைகளில் பெரும்பாலானவற்றை வீழ்த்தினார். செலூஸின் குண்டில் பத்திலொரு பங்கு! பெல்லின் கண்ணும் கையும் வாய்க்காத பிறர், புதரைப் பிளந்துகொண்டு பத்தடியில் எதிர்ப்படும் களிற்றின் முன் அந்தச் சிறு குண்டை நம்பியது மதியீனமே. அதனாலேயே ஆப்பிரிக்க நாடுகள் பல, பெருமிருகங்களுக்கு இத்தனை அங்குலத்துக்குக் குறைந்த துப்பாக்கி கூடாதென்று பின்னர்ச் சட்டம் செய்தன.

பெல் ரம்பத்தால் கண்டறிந்ததற்கு வெகு காலம் முன்பே, யானையின் உடலில் மர்மஸ்தானங்கள் எவை என்பதை நம் கஜசாஸ்திர நூல்கள் வகுத்து வைத்திருந்தன. அவற்றைப் படித்தறியாத பாகனும், எந்த இடத்தை எவ்வளவு அழுத்தினால் களிறு நிற்கும், எந்த இடத்தைத் தொட்டால் சீறும் என்பதைத் தன் தகப்பனிடமிருந்து கற்றிருந்தான். அவன் கையிலிருந்த அங்குசத்தின் எடையை ஒருவரும் பேசியதில்லை.