களம் இழந்த இரசிகர்கள்: சார்ல்டன் அத்லெடிக் கால்பந்துக் கழகமும் ஓர் இரசிகர் இதழும் (1985–1992)

விளையாட்டு வரலாறு பெரும்பாலும் வெற்றி தோல்விகளின் வரலாறாகவும் வீரர்களின் வரலாறாகவுமே எழுதப்பெற்று வருகிறது. ஆட்டத்தைப் பார்க்க வந்தவர்கள் அதில் வெறும் எண்ணிக்கையாக இடம்பெறுகின்றனர். அவ்வாறு எண்ணப்பட்டவர்கள் ஒருவரோடொருவர் பேசத் தொடங்கி, ஒரு சமூகமாகத் திரண்டு, உள்ளாட்சித் தேர்தல் வரை சென்ற நிகழ்வொன்று தென்கிழக்கு இலண்டனில் நடந்தது. அத்திரட்சியில் இரசிகர் இதழ் ஒன்று ஆற்றிய பங்கினை இக்கட்டுரை ஆராய்கிறது.

இரசிகர் இதழ்களின் பின்புலம்

இங்கிலாந்தில் கால்பந்து ஆதரவாளர் மன்றங்கள் பழமையானவை. அவற்றின் தேசியக் கூட்டமைப்பு 1927இல் தோன்றியது. 'உதவுவோம், தடையாக இரோம்' என்னும் பொருளுடைய வாசகத்தை அது தன் கொள்கையாகக் கொண்டிருந்தது. நிதி திரட்டித் தருவது இரசிகர் கடமை, முடிவெடுப்பது கழக உரிமையாளர் உரிமை என்னும் ஏற்பாட்டை அவ்வாசகமே காட்டிவிடுகிறது.

இந்தப் பணிவிற்கு மாறான குரல் இரசிகர்கள் தாமே எழுதி அச்சிட்ட இதழ்களில் ஒலித்தது. கேம்பிரிட்ஜ் மாணவர்கள் தொடங்கிய 'ஃபவுல்' 1972 முதல் 1976 வரை வெளிவந்தது. லிவர்பூலில் 'தி எண்ட்' 1981இலும், பிராட்ஃபோர்டில் 'தி சிட்டி ஜென்ட்' 1984இலும், நாடு முழுமைக்குமான 'வென் சாட்டர்டே கம்ஸ்' 1986இலும் தோன்றின. தமிழ்ச் சிற்றிதழ் மரபை அறிந்தோர்க்கு இவற்றின் இயல்பை விளக்க வேண்டுவதில்லை. முதலீடு சிறிது, விற்பனை கைக்குக் கை, வாசகரே எழுத்தாளர்.

1985ஆம் ஆண்டு மே 11 அன்று பிராட்ஃபோர்டு மைதானத் தீயில் 56 பேர் மாண்டனர். அதே மாதம் 29ஆம் நாள் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஹெய்செல் அரங்கில் 39 பேர் உயிரிழந்தனர். முன்னதற்குக் காரணம் பழைய மரக்கட்டடம். பின்னதில் லிவர்பூல் இரசிகர்களின் வன்முறைக்கு நேரடிப் பங்குண்டு. எனினும் அரசும் நாளேடுகளும் இரண்டையும் ஒரே மூச்சில் பேசி, இரசிகர் கூட்டத்தையே சட்டம் ஒழுங்குச் சிக்கலாகக் கண்டன. இரசிகர் அனைவரும் உறுப்பினர் அட்டை வைத்திருக்க வேண்டும் என்னும் திட்டம் 1989ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. ஹில்ஸ்பரோ பேரிடரை விசாரித்த நீதிபதி டெய்லரின் 1990ஆம் ஆண்டு இறுதி அறிக்கைக்குப் பின்னரே அது கைவிடப்பட்டது.

மைதானத்தின் இழப்பு

சார்ல்டன் அத்லெடிக் கழகத்தின் மைதானம் 'தி வேலி' எனப்பட்டது. பள்ளத்தாக்கு என்பது அதன் பொருள். கைவிடப்பட்ட குழி ஒன்றை 1919இல் தன்னார்வலர்கள் மண்வெட்டி ஏந்திச் சீர்செய்து அமைத்த களம் அது. 1938இல் ஆஸ்டன் வில்லா அணியுடனான ஆட்டத்திற்கு அங்கே 75,031 பேர் திரண்டனர். பின்னாளில் கழகம் ஒருவரிடமும் நிலம் வேறொருவரிடமும் பிரிந்து நின்றன. பார்வையாளர்கள் நின்று காணும் மிகப்பெரிய கிழக்குப் படிமேடை பாதுகாப்புக் காரணத்தால் மூடப்பட்டது. 1985 செப்டம்பரில், கிரிஸ்டல் பேலஸ் கழகத்தின் செல்ஹர்ஸ்ட் பார்க் மைதானத்திற்கு இடம்பெயர்வதாகக் கழகம் அறிவித்தது. ஆட்டம் காண வந்தவர்களின் கையில் கொடுக்கப்பட்ட துண்டறிக்கை வழியாகவே அச்செய்தி தெரிவிக்கப்பட்டது. செப்டம்பர் 21 அன்று ஸ்டோக் சிட்டி அணியுடன் கடைசி ஆட்டம் நடந்தது.

இங்கு ஒரு முரண் நோக்கத்தக்கது. அடுத்த ஆண்டே அணி முதற்பிரிவிற்கு உயர்ந்து, 1990 வரை அங்கேயே நிலைத்தது. ஆட்டக்கணக்கில் இது கழகத்தின் நல்ல காலம். ஆயினும் இரசிகர்கள் ஆறுதல் அடையவில்லை. இரசிகர் சமூகம் வெற்றியைச் சுற்றியே அமைகிறது என்னும் பொதுக்கருத்து இங்குப் பொருந்தவில்லை. அவர்களைப் பிணைத்தது இடம். வழக்கமான படியில், வழக்கமான முகங்களுக்கு நடுவே நிற்பது பறிபோனபோது, பலருக்கும் ஒருவரையொருவர் காணும் வாய்ப்பே அற்றுப்போயிற்று.

'வாய்ஸ் ஆஃப் தி வேலி'

ரிக் எவரிட் 1988இல் தொடங்கிய 'வாய்ஸ் ஆஃப் தி வேலி' இதழ் இவ்வெற்றிடத்தை நிரப்பியது. மைதானத்தின் பெயரையே அது தன் பெயரில் தாங்கியது. கழகம் வெளியிடும் நிகழ்ச்சி நிரலேட்டில் இரசிகன் வாசகன் மட்டுமே. இவ்விதழில் அவன் கேள்வி கேட்பவன். நிலம் யாருடையது, திரும்புவதற்குத் தடை எது, முடிவெடுப்போர் யாவர் என்பவை பொதுப்பேச்சாயின. தனித்தனியே மனம் நொந்திருந்தவர்கள், தம்மைப் போன்றோர் பலர் உளர் என்பதை அச்சில் கண்டனர். செய்தி தந்ததைக் காட்டிலும் இவ்வறிதலைத் தந்ததே இதழின் பெரும்பணி எனலாம்.

1989 மார்ச்சில், திரும்பிச் செல்லும் முடிவைப் புதிய நிருவாகம் உல்விச் நகர மண்டபக் கூட்டத்தில் அறிவித்தது. ஏப்ரல் தொடக்கத்தில் இரசிகர்கள் தி வேலியில் கூடி, படிகளில் மண்டியிருந்த செடிகொடிகளை வெட்டி அகற்றி எரித்தனர். 1919இல் மண்வெட்டி ஏந்தியவர்களின் பேரர் தலைமுறை அது.

தேர்தல் களத்தில்

1990 ஜனவரி 31 அன்று கிரீனிச் நகராட்சியின் திட்டக்குழு, புதுப்பிப்புத் திட்டத்தை 10க்கு 2 என்ற வாக்குகளில் நிராகரித்தது. திட்டத்தில் வணிகக் கட்டடங்களும் அடங்கியிருந்தன. சுற்றிலும் குடியிருப்புப் பகுதி. எனவே நகராட்சியின் மறுப்பை வெறும் பிடிவாதம் எனத் தள்ளிவிட இயலாது. இரசிகர்களோ அதனைத் தம் இருப்பையே மறுத்த செயலாகக் கொண்டனர்.

மே மாதத் தேர்தலில் 'வேலி கட்சி' என்னும் பெயரில் அவர்கள் போட்டியிட்டனர். மொத்த இடங்கள் 62. திட்டத்தை ஆதரித்த இருவருக்கு எதிராக வேட்பாளர் நிறுத்துவதில்லை என முடிவுசெய்து, 60 இடங்களில் நின்றனர். சினத்தினூடே நன்றியும் கணக்கும் தவறாத முடிவு இது. விளம்பரத் துறையில் பணிபுரிந்த இரசிகர் ஒருவர் தம் தொழில் திறனைச் சுவரொட்டிகளுக்கு அளித்தார். கட்சிக்குக் கிடைத்தவை 14,838 வாக்குகள், ஏறத்தாழ 11 விழுக்காடு. ஓர் இடமும் கிட்டவில்லை. ஆனால் திட்டக்குழுத் தலைவர் தம் இடத்தை இழந்தார். 1991இல் திருத்திய திட்டத்திற்கு நகராட்சி இசைவளித்தது.

மீள்வு

இசைவு கிடைத்த பின்னரும் பணமின்மை இழுத்தடித்தது. செல்ஹர்ஸ்ட் பார்க்கை விட்ட அணி, வெஸ்ட் ஹாமின் அப்டன் பார்க் மைதானத்தில் குடியேறிக் காத்திருந்தது. இரசிகர்களிடமே முதலீடு திரட்டும் திட்டமொன்று 1992இல் தொடங்கப்பட்டது. அதில் பணம் செலுத்தியோர் கழக இயக்குநர் குழுவிற்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றனர். 1927ஆம் ஆண்டுக் கூட்டமைப்பினர் நிதி தந்து விலகி நின்றனர்; இவர்கள் நிதியோடு வாக்கையும் கேட்டுப் பெற்றனர்.

1992 டிசம்பர் 5 அன்று போர்ட்ஸ்மத் அணிக்கெதிராகத் தி வேலியில் மீண்டும் ஆட்டம் நடந்தது. காலின் வால்ஷ் அடித்த ஒற்றைக் கோலால் சார்ல்டன் வென்றது. ஒருகாலத்தில் பல்லாயிரவர் நின்ற கிழக்குப் படிமேடை அன்று ஆளின்றி மூடிக் கிடந்தது. இதழ் தொடர்ந்து வெளிவந்தது. அதன் ஆசிரியர் பின்னாளில் அதே கழகத்தின் தகவல் தொடர்புப் பொறுப்பில் அமர்ந்தார்.